ஞானபாக்கியம் கடையின் வெள்ளைப் பொத்தான்

வாசலில் ஆள் நிழல் விழுந்ததும் ஞானபாக்கியத்தின் வலது கை மாராப்புக்குள் போய்விடும். அங்கே ஒரு சின்னத் துணிப்பை, இரண்டு ஊக்குகளால் ரவிக்கையோடு சேர்த்துக் குத்தியிருக்கும். பைக்குள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான காது மிஷின். பெருவிரலால் அதன் சக்கரத்தை ஒரு திருகு திருகுவாள். மிஷின் கிறீச்சென்று கத்திவிட்டு வேலைக்கு வரும். "சொல்லுங்க, என்ன வேணும்?" என்பாள். வந்தவள் ரிப்பனோ ரவிக்கைக் கொக்கியோ வாங்கிக்கொண்டு படியிறங்குவதற்குள் பெருவிரல் மறுபடி ஒரு திருகு. போடி கடைத்தெருவின் அத்தனை இரைச்சலும் அந்த நொடியில் அடங்கிப்போகும்.

நாற்பது வயதில் வந்த விஷக்காய்ச்சல் உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போனது. இப்போது ஐம்பத்து மூன்று. தையல் சாமான் கடை கணவர் ஜெபமணி வைத்தது. அவர் போய்ப் பதினோரு வருடமாகிறது. நூல்கண்டு, பொத்தான், லேசு, எலாஸ்டிக், ஊசி, ஜிப்பு என்று தலைக்கு மேல் வரை அடுக்கிய அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அவள் ஒருத்தி உட்காரத்தான் இடமிருக்கும். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். ராயப்பன்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து கோயில் பீடத்துக்கு இங்கே லேசு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. மேலே எஸ்டேட்டிலிருந்து ஏலக்காய் வாசனையோடு இறங்கி வருகிற மலையாளத்துப் பெண்களும் உண்டு. அவர்களிடம் "எந்தா மோளே?" என்பாள், அதற்கு மேல் அவளுக்கு மலையாளம் தெரியாது, தேவையும் பட்டதில்லை.

மிஷின் பெரும் தீனிக்காரன். காலை முதல் இரவு வரை ஓடவிட்டால் ஒரு பென்சில் செல்லை ஒன்றரை நாளில் தின்று தீர்த்துவிடும். திருகித் திருகி ஓட்டினால் பன்னிரண்டு நாள் வரும். பன்னிரண்டாம் நாள் செத்த பிறகும் ஞானபாக்கியம் அதை விடுகிறவள் இல்லை. மொட்டைமாடியில் மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் மூன்று நாள் வெயிலில் காயப்போடுவாள். அப்புறம் கடைவாயில் வைத்துச் செல்லின் இடுப்பில் ஒரு கடி. இன்னும் ஒரு நாள் ஓடும். மருமகள் ஜெபராணி ஒருமுறை மிளகாயோடு சேர்த்து ஒரு செல்லையும் டப்பாவில் அள்ளிப் போட்டுவிட்டாள். எண்ணெய்ச் சட்டிக்குப் போகிற நேரத்தில்தான் கண்டுபிடித்தார்கள்.

கோயிலில் பிரசங்கத்துக்கு மிஷினைத் திறப்பாள். அறிவிப்பு ஆரம்பித்ததும் மூடிவிடுவாள். வீட்டில் அதற்கு முழு ஓய்வு. "சாப்பிட்டீகளா?" என்பதை ஜெபராணி கையால்தான் கேட்பாள். பேச ஆள் இருந்தும் பேச்சில்லாத வீடு. அது அவளுக்கு வலித்தது. ஆனால் செல்லை வீணாக்குவது அதைவிட வலித்தது.

எதையும் அவள் சும்மா நம்பமாட்டாள். விற்பனைக்காரர் பை நிறைய நூல்கண்டோடு வந்து "சுத்தப் பருத்திம்மா" என்றால், "தீக்குச்சி கிட்டக் கேப்போம்" என்பாள். ஒரு சாண் நூலை இழுத்துக் கொளுத்துவாள். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. சுருண்டு மணியாக உருண்டால் நைலான். மணி உருண்டுவிட்டால் அந்த ஆள் அதோடு வேறு கடை பார்க்க வேண்டியதுதான். எலாஸ்டிக்கை நூறு தடவை இழுத்துவிட்டு மீட்டர் கோலில் வைத்து அளப்பாள். பொத்தானைச் சாயம் போகிறதா என்று வெந்நீரில் ஊறப்போடுவாள். கடைத்தெருவில் எந்தப் புதுச் சாமானைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அவள் சொல்வது ஒன்றுதான்: "தீக்குச்சி கிட்டக் கேப்போம்." பிரஷர் குக்கரைப் பற்றிக்கூட அப்படித்தான் சொன்னாள்; கேட்டவர்கள் கொஞ்சம் பயந்துபோனார்கள்.

எண்பத்தாறாம் வருடத்து ஆடியில் அவளுக்கு ஒரு சங்கடம் வந்தது. மலைப்பக்கமிருந்து மேகம் இறங்கி ஊரின் மேல் படுத்துக்கொண்டது. பத்து நாளாகச் சாரல், வெயிலே இல்லை. வெயில் இல்லாவிட்டால் நிழல் எங்கிருந்து விழும்? வாடிக்கையாளர் வாசலில் வந்து நிற்பார், கூப்பிடுவார், ஞானபாக்கியம் குனிந்து ரிப்பன் சுற்றிக்கொண்டிருப்பாள். அவர் மறுபடி கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆடிக்குப் பின்னால் கல்யாணங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அதற்குத் துணி தைக்கிறவர்கள் எல்லாரும் தெருவில்தான் இருந்தார்கள், கடைக்குள் வரவில்லை.

தையல்காரி அக்கம்மாள்தான் ஒருநாள் உள்ளே வந்து தோளைத் தொட்டுச் சொன்னாள். "யக்கா, உங்க மகன் எங்கன? கூப்பிட்டு விடுங்க. நான் பாக்க நாலு பேரு நின்னு பாத்துட்டுப் போயிட்டாக."

மகன் பொன்னுராஜ் ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் எழுத்து வேலை பார்க்கிறவன். நல்லவன். அம்மா என்றால் உயிர். அதனால்தான் அவன் சொன்னது அவளுக்கு அதிகமாகச் சுட்டது. மிஷினைத் திருகச் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்து சொன்னான். "யம்மா, போதும்மா. காப்பித்தூள் அரைக்கிறவரு ஒருத்தரு கடையக் கேக்குறாக. ஆவணில விட்டுருவோம். நீங்க வீட்ல நிம்மதியா இருங்க."

"ஏலே, நான் இங்கன நிம்மதியாத்தானல இருக்கேன்?"

"கூப்புட்டாக் கேக்க மாட்டேங்குதேம்மா."

கேட்கவில்லை என்பது உண்மை. கேட்க வைக்கலாம், அதற்கு மாதம் இருபது செல் வேண்டும். அத்தனை செல் வாங்குகிற லாபமே இல்லாத மாதங்களும் இருந்தன. கடை போனால் அவளுக்கு வீட்டுக்குள் மிளகாய் காயப்போடுவதைத் தவிர வேலை இருக்காது, அதிலும் செல் இருக்காது. பத்து நாள் தவணை கேட்டாள். பொன்னுராஜ் தலையாட்டினான்.

அன்று சாயங்காலமே நாலு கடை தள்ளி இருக்கிற ரேடியோ ரிப்பேர்க்கார ஏசுதாசன் ஒரு பெட்டியோடு வந்தான். வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி, முன்னால் கடுகளவு சிவப்பு விளக்கு. உள்ளே இரண்டு பென்சில் செல்.

"யக்கா, இது சாகாத செல்லு. தீந்துச்சுன்னா இதுல சொருகிக் கரண்டுல மாட்டுனாப் போதும், மறுபடி உசுரு வந்துரும். ஐநூறு தடவ ஏத்தலாம்னு கம்பெனிக்காரன் எழுதியிருக்கான்."

"அவன் எழுதுவான் தம்பி. நைலான் நூலுக்கண்டுலயுந்தான் சுத்தப் பருத்தின்னு எழுதியிருக்கான்." விலையைக் கேட்டாள். சொன்னான். "அடேயப்பா! அந்த வெலைக்கு அறுவது செல்லு வாங்கலாமே!"

"அறுவதும் செத்துப்போகுமேக்கா."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் காசை எடுக்கவில்லை. செல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். "இதத் தீக்குச்சி கிட்டக் கேக்க முடியாதே" என்று கவலைப்பட்டாள். கடைசியில் பத்து நாள் ஓட்டிப் பார்ப்பது, சரிப்பட்டால் வாங்குவது, இல்லாவிட்டால் திருப்பிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. ராத்திரிக் கடை சாத்தும்போது மாட்டிவிட்டுக் காலையில் எடுத்தால் பதினாலு மணி நேரம், அதுதான் கணக்கு என்றான் ஏசுதாசன். இரண்டு செல்லையும் அவனே நிறைத்துக் கொண்டுவந்திருந்தான். நாளுக்கு ஒன்று.

பரீட்சைக்கு அவள் ஒரு வழி வைத்துக்கொண்டாள். மேஜை மேல் ஒரு காலிக் கண்ணாடி பாட்டில். மிஷின் நாள் முழுக்க ஓடினால் அதில் ஒரு வெள்ளைப் பொத்தான். நடுவில் படுத்துவிட்டால் ஒரு கறுப்புப் பொத்தான்.

முதல் நாள் காலை ஒன்பதரைக்குச் சக்கரத்தைத் திருகியவள் இரவு எட்டு வரை அதைத் தொடவேயில்லை. பதின்மூன்று வருடத்தில் முதல் தடவை. சாரல் தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. எதிரே பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிற உளிச் சத்தம் கேட்டது. ஜீப்புக்காரர்கள் "பூப்பாறை, பூப்பாறை" என்று ஆள் கூப்பிடுவது கேட்டது. தன் கத்தரிக்கோலே லேசை நறுக்கும்போது சத்தம் போடுகிறது என்பதை அவள் மறந்தே போயிருந்தாள். இரண்டு தடவை சும்மாவே நறுக்கிப் பார்த்தாள். பின்னாலிருந்து ஒரு குரல் "சேச்சி, லேசு உண்டோ?" என்றது. திரும்பாமலே "உண்டு மோளே, உள்ள வா" என்றாள். நிழலுமில்லை, ஒன்றுமில்லை. ஆனந்தம் தாங்கவில்லை அவளுக்கு.

இரவு எட்டு மணிக்கு மேஜைக்கு அடியில், மின்விசிறி மாட்டுகிற ப்ளக்கில் பெட்டியைச் செருகினாள். கடைக்கு இருந்ததே அந்த ஒரு ப்ளக்தான். வீட்டில் அதுகூடக் கிடையாது. தீர்ந்த செல்லை மிஷினிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தமில்லாத உலகத்துக்குத் திரும்பி, பாட்டிலில் ஒரு வெள்ளைப் பொத்தானைப் போட்டாள். எண் போட்ட பலகைகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். கடைசிப் பலகைக்கு முன், வாசல் பக்கச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை மீட்டர் கோலால் கீழே இழுத்துவிட்டாள். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்து, அதன் மேல் கைவைத்து ஒரு வரி ஜெபம் சொல்லிவிட்டு நடந்தாள்.

இரண்டாம் நாள் காலை, ஏசுதாசன் சொன்ன கணக்குப்படி பெட்டியைப் ப்ளக்கிலிருந்து கழற்றிவிட்டு இரண்டாவது செல்லைப் போட்டாள். அன்றும் வெள்ளை.

மூன்றாம் நாள் முதல் செல்லைப் போட்டாள். காலைக் காப்பி வருவதற்குள் மிஷின் முனகிவிட்டு அடங்கியது. நாலாம் நாள் மற்றதும் அப்படியே. ஐந்தாம் நாளும். மூன்று கறுப்புப் பொத்தான்கள். பழக்கம் விடவில்லை, செத்த செல்லைக் கடித்துப் பார்த்தாள், இரும்பு மாதிரி இருந்தது. வெயிலும் இல்லாததால் அடுப்பு மேடையில் மிளகாயோடு வைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"ரெண்டு நாள் கூத்துத்தானா தம்பி?" என்று, பழைய செல் ஒன்றை மிஷினில் போட்டுக்கொண்டு ஏசுதாசனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"வெளக்கு எரியுதாக்கா?"

"ராத்திரி சொருகுறப்பயும் எரியுது, காலைல வந்து பாக்குறப்பயும் எரியுது. எரிஞ்சு என்ன பண்ண? உள்ள ஒண்ணும் ஏறல."

அவன் தலையைச் சொறிந்தான். பெட்டியையும் செல்லையும் தன் கடைக்கு எடுத்துப்போய் இரவெல்லாம் மாட்டி வைத்துக் காலையில் கொண்டுவந்து கொடுத்தான். அவன் குடியிருப்பதும் கடையின் பின்கட்டில்தான். ஆறாம் நாளும் ஏழாம் நாளும் வெள்ளைப் பொத்தான். எட்டாம் நாள் அவள் கடையில் ஏற்றிய செல், மறுபடி கறுப்பு.

"எங்கடைல நல்லா ஏறுதுக்கா. உங்கடைலதான்..." என்று இழுத்தான் ஏசுதாசன்.

பழைய செல்லைப் போட்டுக் கேட்ட ஞானபாக்கியத்துக்குச் சுருக்கென்றது. "ஏன், எங்கடைக் கரண்டு மட்டும் பழைய சோத்தக் குடிச்சுட்டு வருதாக்கும்?"

பொன்னுராஜ் தினமும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஒன்பதாம் நாள் மத்தியானம் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினான்: நாளைச் சாயந்திரம் காப்பித்தூள்க்காரர் கடை பார்க்க வருகிறார். ஞானபாக்கியம் அந்தக் காகிதத்தை மடித்து ஊசிப் பெட்டிக்குள் வைத்தாள். அழவில்லை. ஆனால் அன்று பூராவும் பெட்டிகளை இடம் மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று சாரல் பலத்து மேஜைக்கு அடியில் தண்ணீர் கசிந்துவிட்டது. குடையோடு வந்த ஜெபராணி, சாத்துகிற நேரத்தில் வயரை மேலே இழுத்து, சார்ஜர் பெட்டியை மேஜை மேல் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஐந்தாவது கறுப்புப் பொத்தானும் பாட்டிலுக்குள் போயிற்று. பலகைகள் ஏறின. கடைசி இடைவெளி வழியாக ஞானபாக்கியம் மீட்டர் கோலை நீட்டி மெயினை இழுத்தாள்.

சிவப்பு விளக்கு அணைந்தது.

கோல் அப்படியே நின்றது. மெதுவாக மெயினை மேலே தள்ளினாள். விளக்கு எரிந்தது. இழுத்தாள். அணைந்தது. மறுபடி தள்ளினாள், இழுத்தாள், தள்ளினாள். ஜெபராணி பயந்துபோய்க் கையைப் பிடித்து, "அத்த, என்னாச்சு?" என்று சைகையில் கேட்டாள்.

ஞானபாக்கியம் ஈரப்படியிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். இருபது வருடத்துக்கு முன்னால் அந்தத் தெருவில் ஒரு ஜவுளிக்கடை ராத்திரியோடு ராத்திரியாக மின்கசிவில் எரிந்துபோனது. அன்றைக்கு வியாபாரிகள் எல்லாரும் கூடி எடுத்த முடிவு, சாத்தும்போது மெயினை இறக்குவது. பூட்டுவது மாதிரி, செருப்பு மாட்டுவது மாதிரி அவள் கை அதைத் தானாகச் செய்துகொண்டிருந்தது. சொருகும்போது எரிந்தது, இறக்கியதும் அணைந்தது, காலையில் ஏற்றியதும் எரிந்தது. அவள் பார்க்கிறபோதெல்லாம் எரிந்தது. பதினாலு மணி நேரமும் அந்தப் பெட்டி இருட்டில் பட்டினி கிடந்திருக்கிறது. கடையிலேயே குடியிருக்கிற ஏசுதாசன் ராத்திரியில் மெயினை இறக்குவதில்லை.

"கரண்ட எவனோ களவாங்குறான்னுல்ல நெனச்சேன்!" என்றாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "களவாணி நாந்தான்த்தா!"

ஜெபராணி மெயினைக் காட்டி, இன்று ஒரு ராத்திரி இறக்காமல் விட்டுவிடலாமே என்று சாடை காட்டினாள். ஞானபாக்கியம் ஒரேயடியாக மறுத்துத் தலையசைத்தாள். "ஆகாது. இத்தன நூலு இருக்கு, ஒரு பொறி போதும். மெயின் எறங்கித்தான் ஆகணும்." பிறகு மேஜையை, ப்ளக்கை, தூசி படிந்து கிடந்த மேஜை விசிறியைப் பார்த்தாள். "பகல்ல மாட்டுறேன். ஒண்ணு காதுல, ஒண்ணு பொட்டில. கடை தொறந்திருக்கிற நேரமெல்லாம் ஏறட்டும்."

கோடையில் விசிறிக்கு என்ன செய்வீர்கள் என்று ஜெபராணி கையை வீசிக் காட்டினாள்.

"வேத்தா முந்தானையால தொடச்சுக்குவேன். காது கேக்கலேன்னா எத வச்சுத் தொடைக்க?"

பத்தாம் நாள் காலை ஒன்பதரைக்கு மெயினை ஏற்றிய கையோடு இரண்டு செல்லையும் பெட்டியில் வைத்தாள். அன்று பூராவும் சிவப்பு விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அரைமணிக்கு ஒருமுறை பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். மத்தியானம் அது காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. அதுவரைக்கும் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. அக்கம்மாள் வந்து கைஜாடையில் ஜிப்பு கேட்டாள். கொடுத்துவிட்டு, "நாலு மணிக்கு மேல வா, வாயால பேசலாம்" என்று அனுப்பினாள். நாலு மணிக்கு ஒரு செல்லை எடுத்து மிஷினில் போட்டு, சக்கரத்தைத் திருகினாள். கிறீச். மழைச் சத்தம் முழுசாக உள்ளே வந்தது.

ஐந்து மணிக்குப் பொன்னுராஜும் காப்பித்தூள்க்காரரும் வந்தார்கள். வானம் கறுத்திருந்தது, நிழல் என்ற பேச்சே இல்லை. ஞானபாக்கியம் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஸ்டூல் மேல் ஏறி லேசுப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தாள். வந்தவர் குரலைத் தாழ்த்திப் பொன்னுராஜிடம் சொன்னார்.

"அம்மாவுக்குக் கஷ்டமா இருக்கும், இப்பச் சொல்ல வேண்டாம். அந்த மர அலமாரியப் பேத்துட்டா அரைக்கிற மிஷின் அங்கன நிக்கும்."

"அலமாரி எங்கனயும் போகாது தம்பி," என்றாள் ஞானபாக்கியம், திரும்பாமலே. "காப்பித்தூளு வாசம் ஏறுனா என் லேச எவ வாங்குவா? மழையில நிக்காம உள்ள வாங்க."

காப்பித்தூள்க்காரர் பொன்னுராஜைப் பார்த்தார். பொன்னுராஜ் கூரையைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், எங்கேயாவது நிழல் விழுந்திருக்கிறதா என்று தரையைக்கூடப் பார்த்தான். பிறகு மெதுவாக, வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தான்: "யம்மா?"

"என்னல?"

"கேக்குதாம்மா?"

"நீ உள்ளுக்குள்ள அழுகுறதுகூடக் கேக்குது." பெட்டியோடு இறங்கி வந்து மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "மெயின எறக்கிப்புட்டு நானே அதப் பட்டினி போட்டிருக்கேன்ல. ஜெபராணியக் கேளு, சொல்லுவா. ராத்திரி வீட்டுக்கும் இதோடதான் வருவேன். சைக பண்ண வேண்டாம்னு சொல்லு அவகிட்ட, பேசட்டும்."

பொன்னுராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். காப்பித்தூள்க்காரர் நல்ல மனிதர். வந்ததற்கு ஒரு கண்டு வெள்ளை நூல் வாங்கிக்கொண்டு குடையை விரித்தார். அவர் படியிறங்கியதும் ஞானபாக்கியத்தின் வலது கை பழக்கத்தில் மாராப்புப் பக்கம் போயிற்று. பாதி வழியில் நின்று, மேஜைக்கே திரும்பிவிட்டது.

"ஏசுதாசன் கடைக்குப் போயி, வாங்கியாச்சுன்னு சொல்லிட்டு வா" என்று மகனை அனுப்பினாள். கடை சாத்த இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அதுவரை காத்திருக்கும் பொறுமை அவளுக்கு இல்லை. பொத்தான் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைப் பொத்தானை எடுத்துப் பாட்டிலுக்குள் போட்டாள். டிங் என்றது. இத்தனை நாளும் செல்லைக் கழற்றிவிட்டுத்தான் பொத்தான் போட்டிருக்கிறாள். அதற்கு ஒரு சத்தம் உண்டு என்று அவளுக்குத் தெரியாது. பாட்டிலைக் கவிழ்த்து, ஒரு வெள்ளைப் பொத்தானைத் தேடி எடுத்து, இன்னொரு தடவை போட்டாள்.